இரண்டு அட்டை

மசேருவில் ஜூன் மாதம் குளிர்காலம்.
தெட்சானே தொழிற்பேட்டைக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட ஓர் அறை.
நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பு,
சுற்றிலும் போர்வைக்குள் பதினேழு பெண்கள்.
எதுவும் கேட்காமல் நகர்ந்து
எனக்கும் இடம் விட்டார்கள்.

இங்கே பெண்களை ம்மே என்று அழைக்கவேண்டும்.
அம்மாவில் முதலெழுத்து உதிர்ந்தது மாதிரி.
ஆண்களை ன்டாத்தே.
முப்பத்தெட்டு வயதில்
கிட்டத்தட்டத் தாத்தா ஆகிவிட்டேன்.
இந்த இரண்டு சொல்தான் எனக்குப் பிடிபட்டது.
மற்றதெல்லாம் டினேயோ
அடிக்குரலில் மொழிபெயர்த்தது.

நான் எதிர்பார்த்து வந்த பெரிய சொற்கள்
மூன்று வாரமும் வரவேயில்லை.
பேச்சு கழிவறை அட்டையைப் பற்றி.

தையல் வரிசைக்கு அறுபத்திரண்டு பேர்.
அட்டை இரண்டு.
கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும்,
ஓடித் திரும்பி
அடுத்தவள் கழுத்தில் போடவேண்டும்.
மாலை மாற்றுவது போல, என்று தோன்றியது.
தோன்றியதற்கு வெட்கப்பட்டேன்.

மூன்று கேட்பதா நான்கு கேட்பதா
என்று ஒன்றரை மணிநேரம் வாதம்.
நான்கு கேட்டால்தான் மூன்றாவது கிடைக்கும்
என்றாள் மாலெஃபு.
அட்டையே வேண்டாமென்று கேட்போம்,
ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் தென்னாப்பிரிக்கா,
அதற்குப் பாஸ்போர்ட் கேட்கிறான், சரி,
ஒண்ணுக்குப் போகவுமா?
இது கெனேவே.
அடுப்பு அணையுமளவு சிரிப்பு.
பிறகு வாக்கெடுப்பு.
நான்கு என்று முடிவானது.
கெனேவே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

கடைசி ராத்திரிதான் சொன்னேன்.

நான்கு வருடத்துக்கு முன்
இதே ஆலைக்கு வந்திருக்கிறேன்,
முன்வாசல் வழியாக.
தணிக்கை நிறுவனத்தின் காரில்.
என் கழுத்திலும் ஓர் அட்டை மாட்டினார்கள்,
விருந்தினர் என்று.
பெண்கள் கழிவறை: பதினாறு.
தண்ணீர்: உண்டு. சோப்பு: உண்டு. தாழ்ப்பாள்: சரி.
பொய் ஒன்றும் எழுதவில்லை.
கதவுகளை எண்ணினேன்.
யார் எப்போது திறக்கலாம் என்பதற்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.

டினேயோ உடனே மொழிபெயர்க்கவில்லை.
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அன்றைக்குத்தான் சோப்பு வந்தது" என்றாள்.
"மறுநாள் எடுத்துவிட்டார்கள்.
உங்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம்.
ன்டாத்தே சோப்பு."

அதை மட்டும் எல்லோருக்கும் சொன்னாள்.
பதினேழு பேரும் சிரித்தார்கள்.
நான் அதை மன்னிப்பென்று எடுத்துக்கொண்டுவிடலாம்,
வசதியாக இருக்கும்.
மாலெஃபு மட்டும் சிரிப்பை முதலில் நிறுத்தினாள்.
குவளையில் புளித்த கூழை ஊற்றி நீட்டினாள்.
நகக்கண்ணில் ஜீன்ஸ் சாயம்,
எந்த சோப்புக்கும் போகாத நீலம்.

கெனேவே கேட்டாள்:
உங்கள் ஆபீஸில் சங்கம் உண்டா?
இல்லை.
வேலையை விட்டு அனுப்பினால்
யார் உங்களுக்காகப் பேசுவார்கள்?
யோசித்தேன்.
கொஞ்சம் அதிகமாகவே யோசித்துவிட்டேன் போல.
அவள் நாக்கைத் தட்டி ஓர் ஓசை எழுப்பினாள்.
"த்சு"தான்.
அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பி வந்து ஒரு மாதமாகிறது.
நேற்று ஒரு நீண்ட கூட்டம்.
நடுவில் எழுந்து வெளியே போனேன்.
ஒருவரும் நிமிரவில்லை.
கதவைத் தள்ளினேன், திறந்தது.
சோப்பு இருந்தது.
நன்றாகவே கைகழுவ வரும் எனக்கு.

ஈரக்கையோடு போனை எடுத்தேன்.
டினேயோவிடமிருந்து ஒரே ஓர் எண்:
மூன்று.

வாழ்த்து எழுதத் தொடங்கி அழித்தேன்.
அறுபத்திரண்டை மூன்றால் வகுத்துப் பார்த்தேன்.
அட்டைக்கு இருபது பேர்.
மிச்சம் இரண்டு.

அந்த இருவரும் யார் என்று
கேட்டு எழுதவேண்டும்.